திட்டம் முடிந்த பின்னும் பாடம் தங்க வேண்டுமானால்: வளர்ச்சிப் பணியாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

பன்னாட்டு நிதியுதவியோடு நடக்கும் வளர்ச்சித் திட்டங்களில் பெரும்பாலானவை மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நீடிப்பதில்லை. குடிநீர், தாய்சேய் நலம், வாழ்வாதாரம், பேரிடர் மறுவாழ்வு என எந்தத் துறையாக இருந்தாலும், முதல் ஆண்டு ஆள் சேர்ப்பதிலும் ஊர்களைத் தேர்வதிலும் கழிகிறது. இரண்டாம் ஆண்டில்தான் களப்பணியாளருக்கு ஊரின் நெளிவுசுளிவு பிடிபடுகிறது. மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் ஒப்பந்தம் முடிந்து அவர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். அவர் தெரிந்துகொண்டதும் அவரோடு போய்விடுகிறது. நிதி கொடுத்தவருக்கு இறுதி அறிக்கை அனுப்பப்படுகிறது. அடுத்த திட்டத்தை எழுதுபவர் அந்த அறிக்கையைத் திறப்பதில்லை. திறந்தாலும் அவருக்கு வேண்டியது அதில் இருப்பதில்லை, ஏனெனில் அது செலவுக்குக் கணக்குச் சொல்வதற்காக எழுதப்பட்டது.

சிறிய நிறுவனங்களுக்கு மட்டும் உரிய குறை அன்று இது. உலக வங்கியின் தலைவராக இருந்த ஜேம்ஸ் உல்ஃபென்சன் 1996-இல் நடந்த ஆண்டுக் கூட்டத்தில், வங்கி கடன் கொடுப்பதோடு நில்லாமல் வளர்ச்சி பற்றிய அறிவைத் திரட்டிப் பகிரும் 'அறிவு வங்கி'யாகவும் ஆக வேண்டும் என்று அறிவித்தார். அதற்காகப் பல ஆண்டுகள் பணமும் உழைப்பும் செலவாயின. 2014-இல் வங்கியின் ஆய்வாளர்களே தங்கள் கொள்கை அறிக்கைகளை யார் படிக்கிறார்கள் என்று கணக்கெடுத்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அறிக்கைகளை ஒருவர்கூடப் பதிவிறக்கவில்லை என்பதும், 87 விழுக்காட்டு அறிக்கைகளை எவரும் மேற்கோள் காட்டவில்லை என்பதும் தெரியவந்தன. அந்தக் கணக்கை மறைக்காமல் வெளியிட்ட துணிவு பாராட்டத்தக்கது.

பத்து முதல் நூறு பேர் வரை வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களையும், பெரிய நிறுவனங்களின் மாவட்ட அலுவலகங்களையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. ஒரு பாடத்தை எழுதி வைத்தவுடன் கற்றல் நடந்துவிடாது. அந்தப் பாடத்தினால் அடுத்த மாத வேலை ஏதேனும் ஒன்று வேறுவிதமாகச் செய்யப்பட்டால்தான் நிறுவனம் கற்றது என்று சொல்ல முடியும். கீழே வரும் ஒவ்வொரு முறையையும் இந்த ஓர் அளவுகோலைக் கொண்டே எடைபோட வேண்டுகிறேன்.

வங்கதேசத்தில் நடந்தது

முறைகளுக்குப் போகுமுன் ஓர் அமைப்பு எப்படிக் கற்றது என்பதைப் பார்த்துவிடுவது நல்லது. வயிற்றுப்போக்கில் உடல் இழக்கும் நீரையும் உப்பையும், சர்க்கரையும் உப்பும் கலந்த கரைசலைக் குடிக்கக் கொடுத்தே ஈடுசெய்யலாம் என்பது 1968-இல் டாக்காவின் காலரா ஆய்வுக்கூடத்தில் நடந்த சோதனைகளில் உறுதியானது. 1971 போரின்போது மேற்கு வங்கத்தின் போங்காவ் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இக்கரைசலைப் பெருமளவில் பயன்படுத்தி, நூற்றுக்கு முப்பது என்றிருந்த இறப்பை நான்குக்கும் கீழே கொண்டுவந்தார். மருந்து கிடைத்துவிட்டது, அது மருத்துவமனையே இல்லாத கிராமத்து வீடுகளுக்குப் போய்ச் சேருவது எப்படி என்பதுதான் மிஞ்சிய கேள்வி.

ஃபசல் ஹசன் அபெத் 1972-இல் தொடங்கிய பிராக் என்ற வங்கதேச நிறுவனம் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது. மூன்று விரல்களால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், ஏறத்தாழ அரை லிட்டர் தண்ணீர்: இவ்வளவுதான் கரைசல். 1980 முதல் 1990 வரை அதன் பெண் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, நினைவில் வைக்க வேண்டிய பத்துக் குறிப்புகளாக இதைத் தாய்மாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பத்தாண்டு முடிவதற்குள் 1.2 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போயிருந்தார்கள்.

நமக்குப் பாடமாவது எண்ணிக்கையைக் காட்டிலும் அவர்கள் தங்களைத் தாங்களே சோதித்த விதம்தான். பணியாளர் எத்தனை வீட்டுக்குப் போனார் என்பதற்குச் சம்பளம் தரப்படவில்லை. சில வாரங்கள் கழித்து வேறொருவர் சில வீடுகளைப் பொறுக்கியெடுத்துப் போய்ப் பார்ப்பார். அந்தத் தாய் எத்தனை குறிப்புகளை நினைவில் வைத்திருக்கிறார், கரைசலைச் சரியாகச் செய்கிறாரா என்பதைப் பொறுத்துப் பணியாளரின் ஊதியம் அமையும். உப்பு கூடிவிட்டால் குழந்தைக்கு ஆபத்து என்பதால், தாய்மார் செய்த கரைசலின் மாதிரிகள் ஆய்வகத்துக்கும் அனுப்பப்பட்டன. தாய்மார் நன்றாகவே நினைவில் வைத்திருந்தார்கள் என்பது தெரிந்தது. பல நிறுவனங்கள் இந்த இடத்தில் மதிப்பீட்டை முடித்து 'இலக்கு எட்டப்பட்டது' என்று எழுதியிருக்கும்.

பிராக் இன்னொரு கேள்வி கேட்டது: குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது இவர்களில் எத்தனை பேர் கரைசலைக் கொடுத்தார்கள்? மிகச் சிலரே கொடுத்திருந்தார்கள். காரணத்தைத் தேடி ஊர்களில் தங்கி விசாரித்தபோது இரண்டு செய்திகள் வெளிவந்தன. கற்றுக் கொடுத்த பணியாளர்களிலேயே பலருக்கு அக்கரைசலில் நம்பிக்கை இல்லை; தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரையைத்தான் நாடினார்கள். இன்னொன்று, வீட்டு ஆண்களிடம் யாரும் எதுவும் சொல்லாததால் அவர்கள் இதை ஐயத்தோடு பார்த்தார்கள். நிறுவனம் பணியாளர்களை டாக்காவுக்கு வரவழைத்து, கரைசல் உடலுக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்கியது. ஆண் பணியாளர்களை அனுப்பிச் சந்தைகளிலும் பள்ளிவாசல்களிலும் ஆண்களிடம் பேச வைத்தது. திட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பணி மாறியது, பயன்பாடும் உயர்ந்தது.

பிராக் உள்ளிட்ட சில ஆசிய நிறுவனங்களை ஆராய்ந்து 1980-இல் எழுதிய டேவிட் கோர்ட்டன், நல்ல திட்டங்கள் முதலில் பயனுள்ளதாக வேலை செய்யவும், பிறகு குறைந்த செலவில் செய்யவும், அதன் பிறகே விரிவடையவும் கற்றுக்கொள்கின்றன என்று வரிசைப்படுத்தினார். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதல் ஆண்டிலேயே விரிவாக்கக் கோரும் நிதி ஒப்பந்தங்கள் இன்றும் எழுதப்படுகின்றன என்பது வருத்தத்துக்குரியது.

கேள்வியிலிருந்து தொடங்குங்கள்

அறிவு மேலாண்மை, அதாவது நிறுவனத்துக்குள் இருக்கும் அறிவைத் திரட்டிப் பகிர்வது, என்றதும் பல நிறுவனங்கள் முதலில் ஒரு மென்பொருளையோ இணையதளத்தையோ வாங்கப் போகின்றன. அது பிந்திச் செய்ய வேண்டிய வேலை. முதலில், அடுத்த ஆறு மாதங்களில் உங்கள் நிறுவனம் எடுக்க வேண்டியிருக்கும் முடிவுகளை ஒரு தாளில் எழுதுங்கள். எந்த வட்டாரத்துக்கு விரிவடைவது, சுயஉதவிக் குழுவுக்குக் கடனா மானியமா, பயிற்சியை மூன்று நாள் தொடர்ந்து கொடுப்பதா பிரித்துக் கொடுப்பதா என்பன போன்ற முடிவுகள். ஒவ்வொன்றின் எதிரிலும், அந்த முடிவை நன்றாக எடுக்க எது தெரிந்திருக்க வேண்டும், அது இப்போது யாருக்குத் தெரியும் என்று இரண்டு செய்திகளை எழுதுங்கள். இரண்டாவது கேள்விக்கு விடையாகப் பெரும்பாலும் ஓர் ஆளின் பெயர் வரும். அந்த ஆள் பெரும்பாலும் ஓட்டுநராகவோ கிராம ஊக்குநராகவோ பழைய கணக்காளராகவோ இருப்பார். அவர்களை எந்தக் கூட்டத்துக்கும் நீங்கள் அழைத்திராதது அப்போது தெரியவரும்.

இப்படிக் கிடைக்கும் கேள்விகளில் இரண்டை மட்டும் ஓராண்டுக்குத் தேர்ந்தெடுங்கள். பத்துக் கேள்விகளை வைத்துக்கொண்டு ஒன்றுக்கும் விடை காணாமல் ஆண்டை முடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பணி முடிந்தவுடன் மீளாய்வு

ஒரே ஒரு முறையைத்தான் உங்களால் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். அமெரிக்கத் தரைப்படையின் பயிற்சி மையங்களில் உருவாகி, பிறகு தொழில் நிறுவனங்களுக்கும் உதவி நிறுவனங்களுக்கும் பரவிய இம்முறையில் நான்கே கேள்விகள். என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம்? உண்மையில் என்ன நடந்தது? இரண்டுக்கும் இடையே ஏன் வேறுபாடு வந்தது? அடுத்த முறை எதை அப்படியே செய்வோம், எதை மாற்றுவோம்?

கேள்விகள் எளிமையானவை, நடத்துவதில்தான் நுட்பம் இருக்கிறது. பணி முடிந்து ஒரு வாரத்துக்குள் நடத்திவிடுங்கள். மாதம் கடந்தால் நினைவு தனக்குச் சாதகமான கதையாக மாறிவிடும். ஒன்றரை மணி நேரம் போதும். வேலையில் நேரடியாக இருந்த எல்லாரும் வர வேண்டும். வேலையில் இல்லாத மேலதிகாரிகள் வர வேண்டாம். வட்டமாக உட்காருங்கள். களப்பணியாளர்கள் எந்த மொழியில் சிந்திக்கிறார்களோ அந்த மொழியில் பேசுங்கள்; இலங்கையின் வடகிழக்கில் வேலை செய்யும் நிறுவனமாக இருந்து, குழுவில் தமிழும் சிங்களமும் பேசுவோர் இருந்தால், ஆங்கிலத்தைப் பொதுமொழியாக்கி எல்லாரையும் திணறச் செய்யாமல் மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவரை உட்கார வையுங்கள். நெறிப்படுத்துபவர் வேறு திட்டத்தைச் சேர்ந்தவராக இருப்பது நல்லது. பேசத் தொடங்கும்போது வயதிலும் பதவியிலும் இளையவர் முதலில் பேச வேண்டும். ஒருங்கிணைப்பாளர் கடைசியில் பேச வேண்டும். நம் ஊர் வழக்கத்தில் பெரியவர் சொன்ன பிறகு மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவாகக் கருதப்படுவதால், இந்த வரிசையை மாற்றினால் கூட்டம் பயனற்றுப் போகும்.

முதல் கேள்வியைத் தாண்டிப் போக எல்லாரும் அவசரப்படுவார்கள். விடாதீர்கள். ஒவ்வொருவரையும் திட்டத்தின் நோக்கத்தைத் தனித்தனியே ஒரு வரியில் எழுதச் சொல்லிச் சுவரில் ஒட்டினால், ஒரே திட்டத்தில் வேலை செய்தவர்கள் வெவ்வேறு நோக்கங்களை மனத்தில் கொண்டிருந்தது பல சமயம் அங்கேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது கேள்விதான் கடினமானது. அதற்கு முதலில் வரும் விடை ஏறக்குறைய எப்போதும் மக்கள் மேல் பழி போடுவதாக இருக்கும். எடுத்துக்காட்டாக, ஐந்து ஊர்களில் அமைத்த குடிநீர்க் குழுக்கள் மாதந்தோறும் கூட வேண்டும் என்பது திட்டம். பெரும்பாலானவை நான்கு மாதத்தில் ஒரு முறைதான் கூடின என்று வைத்துக்கொள்வோம். உரையாடல் இப்படிப் போகலாம்.

"குழு ஏன் கூடலை?"

"ஜனங்களுக்கு ஆர்வம் இல்லை சார்."

"அஞ்சு ஊரிலுமா?"

"இல்லை சார், ஒரு ஊர்ல மட்டும் மாசாமாசம் ஒழுங்கா கூடினாங்க."

"அங்கே எத்தனை மணிக்குக் கூடுவாங்க?"

"ராத்திரி ஏழு மணிக்கு. அங்கே ஊக்குநர் அக்கா உள்ளூர்க்காரங்க, அவங்களே வீடு வீடா போய்க் கூப்பிட்டுடுவாங்க."

"மத்த ஊர்ல?"

"காலையில பதினொரு மணிக்கு சார். வண்டி நாலு மணிக்குள்ள ஆபீசுக்குத் திரும்பணும்ல."

பதினொரு மணிக்குப் பெண்கள் கூலி வேலையில் இருப்பார்கள். ஆர்வமின்மை என்று தொடங்கிய காரணம், அலுவலக வண்டியின் நேர அட்டவணையில் வந்து நின்றது. இதை மாற்ற ஊரார் மனம் மாற வேண்டியதில்லை. அலுவலகம் ஓர் உத்தரவை மாற்றினால் போதும். நெறிப்படுத்துபவர் செய்ததெல்லாம், பொதுவாகச் சொன்னதை ஏற்காமல் எங்கே, எப்போது, யார் என்று கேட்டதுதான். நன்றாக நடந்த ஓர் ஊரைப் பற்றி விசாரித்ததால்தான் விடை கிடைத்தது என்பதையும் கவனிக்க வேண்டும். மீளாய்வு என்றால் தவறுகளை மட்டும் தேடுவது என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது.

இக்கூட்டத்தில் பேசியது எவருடைய பணி மதிப்பீட்டிலும் இடம்பெறக் கூடாது. இதை இயக்குநர் முன்கூட்டியே எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்த சொல்லை ஒரே ஒரு முறை மீறினால்கூட அதன் பிறகு அந்த அலுவலகத்தில் எவரும் உண்மை பேச மாட்டார்கள். நிதி முறைகேடும், பெண்கள், குழந்தைகளின் பாதுகாப்பு மீறலும் மட்டும் இதற்கு விலக்கு. அவற்றுக்குரிய விசாரணை தனியாக நடக்க வேண்டும் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கூட்டத்தின் முடிவில் ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். அதில் 'ஒருங்கிணைப்பை மேம்படுத்த வேண்டும்', 'சமுதாயப் பங்கேற்பை வலுப்படுத்த வேண்டும்' போன்ற வரிகள் வந்தால் அடித்துவிடுங்கள். அவை எந்தத் திட்டத்துக்கும் எந்த நாட்டுக்கும் பொருந்தும், ஆகவே எதற்கும் உதவாது. 'அடுத்த மாதத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் வண்டி இரவு ஒன்பது வரை களத்தில் இருக்கும். பொறுப்பு நிர்வாக அலுவலர். தொடக்கம் முதல் தேதி' என்பது பாடம்.

தொடங்குமுன் சகபணியாளரிடம் கேட்பது

மீளாய்வு பணிக்குப் பின் நடப்பது. சக உதவிக் கூட்டம் பணிக்கு முன் நடப்பது. எண்ணெய் நிறுவனமான பி.பி. 1990-களில் பரவலாக்கிய இம்முறை பிறகு வளர்ச்சித் துறைக்கும் வந்தது. புதிய வேலை ஒன்றைத் தொடங்கப் போகும் குழு, அதைப் போன்ற வேலையை முன்பே செய்த நான்கைந்து பேரை வேறு நிறுவனங்களிலிருந்தோ வேறு மாவட்டங்களிலிருந்தோ அழைத்து ஒரு நாள் உட்காருகிறது. வல்லுநர்களை அழைக்காதீர்கள், அதே நிலையில் அதே வேலையைக் கைப்படச் செய்தவர்களை அழையுங்கள். காலையில் அழைத்த குழு தன் திட்டத்தையும் தன் ஐயங்களையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். அதன் பிறகு வந்தவர்கள் கேள்வி கேட்கவும், தங்கள் அனுபவத்தைத் தங்களுக்குள் பேசவும், அழைத்த குழு வாயைத் திறக்காமல் எழுதிக்கொள்ளவும் வேண்டும். 'எங்கள் ஊர் வேறு மாதிரி' என்று குறுக்கிடும் ஆசையை அடக்குவதுதான் இங்கே பெரிய வேலை. வரைவு முடிந்து நிதி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு இக்கூட்டத்தை நடத்துவதில் பொருளில்லை. திட்டத்தை இன்னும் மாற்ற முடியும் என்ற நிலையில் நடத்துங்கள்.

தேவைப்படும் வேளையில் இப்படித் தகவல் திரட்டியதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்துக்கு நூற்றுக்கணக்கான அமைப்புகள் உதவியோடு வந்து இறங்கின. ஒரே ஊருக்குப் பல லாரிகள் போயின, பயன்படுத்திய துணிகள் சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. அந்த நிலையில் தொண்டு நிறுவனங்கள் மாவட்ட நிர்வாகத்தோடு இணைந்து 2005 ஜனவரியில் அமைத்த ஒருங்கிணைப்பு மையம், எந்த ஊரில் யார் என்ன செய்கிறார்கள், எந்த ஊருக்கு எது இன்னும் போகவில்லை என்ற செய்தியைத் திரட்டிக் கேட்டவருக்கெல்லாம் கொடுத்தது. அங்கே தொகுக்கப்பட்ட அறிவு அன்றன்றைய முடிவுக்குப் பயன்பட்டதால், அதைத் தேடி ஆட்கள் வந்தார்கள். இது தகவல் தொகுக்கும் எவரும் மனத்தில் கொள்ள வேண்டிய இலக்கணம்.

வேலையை விட்டுப் போகிறவரிடமிருந்து பெறுவது

ஒப்படைப்புக் குறிப்பு என்ற பெயரில் கடைசி நாள் மாலையில் கடவுச்சொற்களும் சாவிகளும் கைமாறுகின்றன. ஓர் ஊரில் மூன்றாண்டு வேலை செய்தவரின் அறிவு அதில் அடங்காது. விலகல் கடிதம் வந்த வாரமே, அவரோடு பேசிப் பழகிய ஒருவரை நியமித்து, சில அமர்வுகளாகப் பேச வையுங்கள். பொதுவான அறிவுரையைக் கேட்காதீர்கள், நிகழ்ச்சிகளைக் கேளுங்கள். இந்த ஊரில் கூட்டம் முறிந்த நாள் எது, அன்று என்ன செய்து சரிக்கட்டினீர்கள்? கிணறு தோண்டும் இடத்தை முடிவுசெய்தபோது எந்தத் தெருவார் வரவில்லை, ஏன்? வட்டார அலுவலகத்தில் கோப்பு நின்றுபோனால் யாரிடம் போவீர்கள்? பேச்சை அவர் இசைவோடு கைபேசியில் பதிவுசெய்து, முக்கியமான பகுதிகளை மட்டும் எழுதிக்கொள்ளலாம்.

முடிந்தால் புதியவரும் பழையவரும் இரண்டு வாரமாவது சேர்ந்து களத்துக்குப் போக வேண்டும். எந்த வீட்டுத் திண்ணையில் முதலில் உட்கார வேண்டும், யாரைக் கேட்ட பிறகு கூட்டம் போட வேண்டும் என்பதெல்லாம் கூடவே நடந்து பார்த்தால்தான் வரும். இந்த இரண்டு வாரத்துக்கு இரட்டைச் சம்பளம் ஆகும் என்று நிதிப் பிரிவு தயங்கும். புதியவர் அதே உறவுகளைத் தொடக்கத்திலிருந்து கட்டியெழுப்ப எடுக்கும் மாதங்களோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள்.

சேமித்து வைப்பது

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாருக்கும் ஏற்கெனவே பழக்கமான கருவியைப் பயன்படுத்துங்கள். பொதுவாக அது கூகுள் டிரைவாகவும் வாட்ஸ்அப்பாகவும் இருக்கும். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், ஊர், பொருள் என்ற வரிசை மாறாமல் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் நல்ல செய்தி வந்தால் அது அடுத்த நாளே மேலே போய் மறைந்துவிடும். வாரம் ஒரு முறை அதில் வந்த பயனுள்ளவற்றை எடுத்து ஓர் எக்செல் தாளில் சேர்க்கும் பொறுப்பை ஒருவருக்குப் பெயர் சொல்லிக் கொடுங்கள். மக்களின் பெயர், நோய், சாதி, வன்முறைக்கு ஆளான விவரம் ஆகியவை பகிர்வுக் கோப்புறையில் இருக்கக் கூடாது.

எல்லாவற்றிலும் ஒரு நகலை உங்கள் கையிலும் வைத்திருங்கள். அமெரிக்க அரசின் பன்னாட்டு வளர்ச்சி முகமையான யுஎஸ்எய்டு 2025-இல் கலைக்கப்பட்டபோது, அதன் இணையதளமும், பல பதின்ம ஆண்டுகளின் மதிப்பீட்டு அறிக்கைகளைக் கொண்டிருந்த அதன் மின்நூலகமும் அவ்வாண்டின் தொடக்கத்திலேயே பொதுப் பார்வையிலிருந்து மறைந்தன. தங்கள் சொந்தத் திட்டத்தின் அறிக்கைகளைக்கூட அங்கே மட்டும் நம்பி வைத்திருந்தவர்கள் அவற்றைத் தேடி அலைய நேர்ந்தது. நிதி கொடுப்பவரின் தளம் உங்கள் ஆவணக் காப்பகம் ஆகாது.

மக்களிடம் திரும்பக் கொண்டுபோவது

மதிப்பீட்டாளர் ஊருக்கு வருகிறார், குழுவாக உட்கார வைத்துக் கேள்வி கேட்கிறார், போகிறார். அவர் எழுதிய எண்பது பக்க ஆங்கில அறிக்கை தலைநகருக்குப் போகிறது. விடை சொன்ன பெண்களுக்கு முடிவு என்ன என்பது ஒருபோதும் தெரிவதில்லை. இது மரியாதைக் குறைவு என்பதோடு, கற்றலுக்கும் இழப்பு. அறிக்கையில் உள்ள பிழையை உடனே கண்டுபிடிக்கக் கூடியவர்கள் அவர்கள்தாம். எனவே ஒவ்வொரு மதிப்பீட்டின் ஒப்பந்தத்திலும், இறுதி வரைவுக்கு முன் முடிவுகளை ஊர்க்கூட்டத்தில் அவர்கள் மொழியில் படித்துக் காட்ட வேண்டும், அவர்கள் சொன்ன திருத்தங்களை அறிக்கையில் காட்ட வேண்டும் என்ற விதியைச் சேர்த்துவிடுங்கள். களப்பணியாளர்களுக்காக இரண்டு பக்கச் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் எழுதித் தருவதும் அந்த ஒப்பந்தத்தின் பகுதியாக இருக்கட்டும்.

மக்களைக் கேளாமல் விரிவடைந்தால் என்ன ஆகும் என்பதற்குத் ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளில் நிறுவப்பட்ட 'பிளேபம்ப்' நல்ல சான்று. குழந்தைகள் ஏறிச் சுற்றும் ராட்டினத்தால் நிலத்தடி நீரை மேலேற்றும் கருவி அது. 2006-இல் பெரும் நிதி அறிவிக்கப்பட்டு, 2010-க்குள் 4,000 கருவிகள் என்று இலக்கு வைக்கப்பட்டது. குழந்தைகள் விளையாடாத நேரத்தில் பெண்கள் அந்தக் கனத்த சக்கரத்தைத் தள்ள வேண்டியிருந்தது. பழுதானால் சரிசெய்ய ஆள் கிடைக்கவில்லை. சாதாரணக் கைப்பம்பைவிடப் பல மடங்கு விலை என்று குடிநீர்த் துறைத் தொண்டு நிறுவனமான வாட்டர்எய்டு சுட்டிக்காட்டியது. நிதி கொடுத்தவர்களில் ஒருவரான கேஸ் அறக்கட்டளை 2010-இல் இது எதிர்பார்த்தபடி நடக்கவில்லை என்று வெளிப்படையாக எழுதியது. முதல் சில ஊர்களில் தண்ணீர் எடுக்கும் பெண்ணின் பக்கத்தில் ஒரு நாள் முழுதும் நின்று பார்த்திருந்தால், இவற்றில் முதல் குறையாவது விரிவாக்கத்துக்கு முன்பே தெரிந்திருக்கும்.

நிதி கொடுப்பவரோடு பேசுவது

தோல்வியைச் சொன்னால் அடுத்த தவணை வராது என்ற அச்சம் நியாயமானது. அதைக் கோழைத்தனம் என்று ஒதுக்க முடியாது. ஆகவே ஒப்பந்தம் எழுதும்போதே இடம் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நடவடிக்கைகளை மாற்றிக்கொள்ள அனுமதி, அந்த மாற்றத்துக்கான எளிய படிவம், மீளாய்வுக்கும் பயணத்துக்கும் தனி நிதித் தலைப்பு ஆகிய மூன்றையும் முன்மொழிவிலேயே கேளுங்கள். கற்றலுக்கு நிதித் தலைப்பு இல்லையென்றால் அது யாருடைய வேலைநேரத்திலும் இடம்பெறாது. கனடாவின் எல்லைகளற்ற பொறியாளர்கள் அமைப்பு 2008 முதல் தன் தோல்விகளைத் தானே தொகுத்து ஆண்டறிக்கையாக வெளியிட்டது. அந்த அளவுக்குப் போக எல்லா நிறுவனங்களாலும் இயலாது. காலாண்டு அறிக்கையில் 'நாங்கள் மாற்றியது, ஏன் மாற்றினோம்' என்று அரைப் பக்கம் சேர்ப்பது எவராலும் இயலும்; அந்த அரைப் பக்கத்தைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் அழைக்கும் திட்ட அலுவலர் உங்களுக்கு வாய்த்தால், அவரோடான உறவைப் பேணிக்கொள்ளுங்கள்.

கற்றது நடந்ததா என்று பார்ப்பது

எத்தனை பயிற்சி, எத்தனை ஆவணம், எத்தனை பேர் இணையதளத்தைப் பார்த்தார்கள் என்ற எண்கள் எளிதில் கிடைக்கும். அவற்றை அறிக்கையில் போடத் தடையில்லை. உங்களுக்காக நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டிய பட்டியல் வேறு. ஒரு நோட்டுப் புத்தகத்தில், கற்றதனால் மாற்றிய முடிவுகளை மட்டும் எழுதுங்கள்: தேதி, முன்பு எப்படிச் செய்தோம், இப்போது எப்படிச் செய்கிறோம், எந்தக் கூட்டத்திலோ எந்த ஊரிலோ அது தெரிந்தது. ஓர் ஆண்டில் ஆறு வரிகள் சேர்ந்தாலும் அது நல்ல ஆண்டுதான்.

காலாண்டுக் கூட்டத்தில் இந்தப் புத்தகத்தையும் கடந்த மீளாய்வுக் குறிப்புகளையும் முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பொருளாக வைத்தால் மதிய உணவு நேரம் அதை விழுங்கிவிடும். ஒவ்வொரு குறிப்பின் பொறுப்பாளரும் 'செய்தோம்', 'செய்யவில்லை' என்று மட்டும் சொல்லட்டும். செய்யாததற்குக் காரணம் பணமா, அனுமதியா, மறதியா என்று கேட்டு, அனுமதி என்றால் அதே கூட்டத்தில் இயக்குநர் கொடுக்கட்டும். மூன்று காலாண்டுகள் தொடர்ந்து 'செய்யவில்லை' என்றே வரும் குறிப்பை வேறொருவரிடம் ஒப்படையுங்கள், இல்லையேல் காரணத்தை எழுதிவிட்டுப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.